மடை திறந்தால் போதாது: சுவிட்ச், கேஸ், மேட்ச் ஓர் அறிமுகம்

தக்கலையில் மாலை வேளையில் என்னிடம் நிரல் எழுதக் கற்க வரும் மாணவர்களிடம் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்பேன். "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று சொல்ல இஃப் என்று ஒன்று இருக்கும்போது சுவிட்ச் எதற்கு? "சார், சுவிட்ச் வேகமானது" என்பார் ஒருவர். "இஃப்பையே அழகாக எழுதும் முறை அது" என்பார் இன்னொருவர். தேர்வுத் தாளில் இரண்டுக்குமே மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சி மொழியில் படித்த சுவிட்சை மனதில் வைத்துக்கொண்டு பைத்தானின் மேட்சை எழுதுகிறவர்கள் படும் பாட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெயரும் தோற்றமும் ஒன்றுபோல இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம். மொழிக்கு மொழி அந்த வேலை மாறுகிறது. சில இடங்களில் நேர் எதிராகவே மாறுகிறது.

ஒரு மதிப்பைப் பார்த்து, பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு போவதைப் பலவழிக் கிளைப்பு என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ஸ்விஃப்ட் ஆகியவற்றில் அதன் பெயர் சுவிட்ச். பாஸ்கலிலும் ரூபியிலும் கேஸ். காட்லினில் வென். ரஸ்ட்டிலும் பைத்தானிலும் மேட்ச்.

அஞ்சல் அறையின் பெட்டிகள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்து அஞ்சல் எண்கள் 629 என்று தொடங்கும். நாகர்கோவில் 629001, மார்த்தாண்டம் 629165, தக்கலை 629175, குளச்சல் 629251, கன்னியாகுமரி 629702. கடிதங்களைப் பிரிக்கும் ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, வரிசையாக நிற்கும் தபால்காரர்களிடம் "இது உங்களுடையதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் போவது ஒரு முறை. இஃப், எல்ஸ் இஃப் என்று அடுக்கி எழுதுவது இதுதான். கடைசியில் நிற்பவருக்குரிய கடிதம் என்றால் எல்லோரையும் கேட்டு முடித்த பிறகே அவரிடம் போய்ச் சேரும்.

இன்னொரு முறையில் சுவரில் 999 பெட்டிகள் இருக்கின்றன. எண்ணிலிருந்து 629000ஐக் கழித்தால் பெட்டி எண் கிடைத்துவிடும். தக்கலைக் கடிதம் 175ஆம் பெட்டிக்கு நேராகப் போகும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவிட்ச் வேகமானது என்ற பேச்சு பிறந்த இடம் இது. நாம் எழுதும் நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். சுவிட்சுக்குள் ஒவ்வொரு வழியும் கேஸ் என்ற சொல்லோடும் ஓர் எண்ணோடும் தொடங்கும். அந்தக் கேஸ் எண்கள் நெருக்கமாக இருந்தால் தொகுப்பி இதேபோல ஒரு பெட்டி வரிசையை அமைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்து நிரலின் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற முகவரி அதில் இருக்கும். இதைத் தாவல் அட்டவணை என்கிறோம்.

ஆனால் ஐந்து ஊர்களுக்காக 999 பெட்டிகள் அடிப்பது வீண் என்று எந்தத் தச்சரும் சொல்வார். தொகுப்பியும் அதையே நினைக்கிறது. எண்கள் 4, 900, 70000 என்று தள்ளித் தள்ளி இருந்தால் அட்டவணையைக் கைவிட்டு, நடு எண்ணைவிடப் பெரிதா, சிறிதா என்று பாதி பாதியாகக் குறுக்கித் தேடும். மூன்றே வழிகள் என்றால் வரிசையாக ஒப்பிட்டே முடித்துவிடும். மறுபக்கம், நீங்கள் இஃப் அடுக்கு எழுதியிருந்தாலும் அது ஒரே எண்ணை மாறிலிகளோடு, அதாவது மாறாத மதிப்புகளோடு, ஒப்பிடுவது என்று கண்டுகொண்டால் நல்ல தொகுப்பி அதையே அட்டவணையாக மாற்றிவிடுவதுண்டு. எனவே வேகத்துக்காகச் சுவிட்ச் எழுதுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டாம். வேகம் தொகுப்பியின் கவலை.

இதுவரை பார்த்தது: இஃப் அடுக்கு வரிசையாகக் கேட்கிறது. சுவிட்ச் நேராகத் தாவ வாய்ப்பளிக்கிறது, ஆனால் அதற்கு உறுதி தரவில்லை.

வரப்பும் வழிந்தோட்டமும்

எனக்கு அதிகம் பேச வேண்டியிருப்பது இந்தப் பகுதியில்தான், ஏனென்றால் மிகுதியான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

நாஞ்சில் நாட்டு வயல்களில் வாய்க்காலிலிருந்து மடையைத் திறந்தால் தண்ணீர் மேல் வயலில் பாயும். அந்த வயலின் கீழ் வரப்பில் வெட்டிய வாய் திறந்திருந்தால் அடுத்த வயலுக்கு இறங்கும். அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கு. ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் போதும் என்றால் அதன் கீழ்வாயை மண் வைத்து அடைக்க வேண்டும். மடை திறப்பது நுழையும் இடத்தை மட்டுமே முடிவு செய்கிறது. நிற்கும் இடத்தை அது முடிவு செய்வதில்லை.

சி மொழியின் சுவிட்ச் அப்படியே இந்த வயல் வரிசைதான். கேஸ் 4 என்று எழுதுவது ஓர் அறை கட்டுவதல்ல. "4 வந்தால் இங்கே நுழை" என்று ஒரு குறியிடுவது மட்டுமே. நுழைந்த பிறகு ஓட்டம் கேஸ் 5, கேஸ் 6 என்று கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு வழிந்தோட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பிரேக் என்ற சொல்தான் வரப்பில் வைக்கும் மண்.

பல ஆண்டுகளுக்கு முன் ரப்பர் வாங்கும் ஒரு கடைக்கு விலைச்சீட்டுப் போடும் நிரல் எழுதிக்கொடுத்தேன். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். தரத்துக்கேற்ப விலை. நான் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

சுவிட்ச் (தரம்)
கேஸ் 3: விலை = மூன்றாம் தர விலை; பிரேக்
கேஸ் 4: விலை = நான்காம் தர விலை
கேஸ் 5: விலை = ஐந்தாம் தர விலை; பிரேக்

நான்காம் தர ஷீட் வந்தால் நிரல் சரியான விலையைத்தான் எடுத்தது. அடுத்த கணமே ஐந்தாம் தர விலையை அதன்மேல் எழுதிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சீட்டு அழகாக அச்சாகி வந்தது. சிறு தோட்டக்காரர் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பி வந்ததால்தான் தெரிந்தது. விடியலுக்கு முன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் கூலி ஒரு சொல் விடுபட்டதால் குறைந்திருந்தது. கடைக்காரர் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து எல்லோருக்கும் வித்தியாசத்தைக் கொடுத்தார். அன்றுமுதல் இந்தப் பாடத்தை நான் அவசரமாக நடத்துவதில்லை.

சி ஏன் இப்படி அமைந்தது? 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில், ஓர் எண்ணைப் பார்த்து வரி எண்களின் பட்டியலிலிருந்து ஒன்றுக்குத் தாவும் கோ டூ இருந்தது. தாவுவது மட்டுமே அதன் வேலை. 1966இல் கணினி அறிஞர்கள் நிக்லாஸ் விர்த்தும் டோனி ஹோரும் முன்வைத்த, பின்னர் ஆல்கால் டபிள்யூ என்று அறியப்பட்ட மொழியில் ஹோரின் கேஸ் வந்தது. அதில் ஒவ்வொரு வழியும் தனி அறை. ஒன்று முடிந்ததும் ஓட்டம் வெளியே வந்துவிடும். 1970இல் வந்த பாஸ்கல் அந்த வழியில் போனது. பிசிபிஎல், பி என்ற மொழிகளின் வாரிசாக 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி, தாவும் குறிகளின் வழியில் போனது. சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் சியின் தோற்றத்தை எடுத்துக்கொண்டபோது இந்த வழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன. ஹோரின் வழியே நல்ல வழி என்பது என் எண்ணம். உலகம் மற்றதை எடுத்துக்கொண்டது. சி பரவிய வேகம் அப்படி.

வழிந்தோட்டத்துக்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேஸ் 1, கேஸ் 2 என்று நடுவில் எதுவும் எழுதாமல் அடுக்கினால் இரண்டு தரத்துக்கும் ஒரே வேலையைக் கொடுக்கலாம். வேண்டுமென்றே திறந்துவிட்ட வாய்க்கும் அடைக்க மறந்த வாய்க்கும் தொகுப்பிக்கு வேறுபாடு தெரியாது என்பதே சிக்கல். சி++ மொழியின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, "இது வேண்டுமென்றே செய்தது" என்று சொல்லும் ஃபால்த்ரூ குறிப்பைச் சேர்த்தது. அதே ஆண்டில் வந்த ஜிசிசி தொகுப்பியின் 7ஆம் பதிப்பு, அந்தக் குறிப்பு இல்லாத வழிந்தோட்டத்தைக் கண்டால் எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சி# இன்னும் கண்டிப்பானது: உள்ளே கட்டளைகள் உள்ள ஒரு கேஸ் பிரேக், ரிட்டர்ன் போன்ற எதுவும் இல்லாமல் முடிந்தால் தொகுக்கவே மறுக்கும். கோ மொழி வழக்கத்தையே தலைகீழாக்கியது. அங்கே வரப்பு தானாகவே அடைபடும். திறக்க வேண்டுமானால் ஃபால்த்ரூ என்று நீங்கள் எழுத வேண்டும். ஸ்விஃப்ட்டும் அப்படித்தான்.

பிரேக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எதைவிட்டு வெளியேறுகிறோம் என்பதே குழம்பிவிடும். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ 9 மணி நேரம் முடங்கியது. காரணம், சி மொழியில் எழுதிய இணைப்பக மென்பொருளில், ஒரு சுவிட்சுக்குள் இருந்த இஃப்புக்குள் தவறான இடத்தில் வைத்த ஒரு பிரேக். ஓட்டம் எழுதியவர் நினைத்த இடத்துக்குப் போகாமல் சுவிட்சையே விட்டு வெளியேறியது; செய்திருக்க வேண்டிய வேலை நடக்கவில்லை.

மாணவர்கள் வழக்கமாக விழும் பள்ளமும் இதே வகை. கோ மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு ஃபார் சுழலுக்குள் சுவிட்ச் எழுதி, அதற்குள் பிரேக் போட்டால் சுவிட்ச்தான் முடியும், சுழல் தொடரும். பைத்தானின் மேட்சுக்கு என்று தனியாகப் பிரேக் கிடையாது. அங்கே சுழலுக்குள் இருக்கும் மேட்சில் பிரேக் எழுதினால் சுழலே முடிந்துவிடும்.

சுருக்கமாக: புதிய மொழி ஒன்றில் சுவிட்ச் எழுதும் முன், வரப்பு தானாக அடைபடுமா, நாம் அடைக்க வேண்டுமா என்று பாருங்கள்.

எது எதற்குச் சமம்?

கேஸ் 4 பொருந்துகிறது என்றால் எந்த அளவுகோலில்? சி மொழியில் முழு எண்களும் எண்களாகக் கருதப்படும் எழுத்துகளும் மட்டுமே சுவிட்சில் நுழைய முடியும். ஜாவாவில் சொற்களை வைத்துக் கிளைக்க 2011இல் வந்த 7ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் கண்டிப்பாக ஒப்பிடும்: 4 என்ற எண்ணும் "4" என்ற எழுத்தும் வேறு வேறு. இணையப் படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்த தரம் எழுத்தாகத்தான் வரும். அதை எண்ணாக மாற்றாமல் சுவிட்சில் கொடுத்தால் எந்தக் கேஸும் பொருந்தாது. பிஎச்பியின் சுவிட்ச் தளர்வாக ஒப்பிடும்: இரண்டும் சமம் என்றே சொல்லிவிடும். அந்தத் தளர்வு தந்த தொல்லைகள் போதும் என்று, 2020இல் வந்த பிஎச்பி 8, கண்டிப்பாக ஒப்பிடும் மேட்சைத் தனியாகக் கொண்டுவந்தது. ரூபியின் கேஸ் வேறு வகை. "1 முதல் 3 வரை" என்று ஒரு வரம்பையே கொடுத்தால் மதிப்பு அதற்குள் அடங்குகிறதா என்று பார்க்கும்.

கட்டளையும் விடையும்

"இவருக்கு ஒரு சாயா போடு" என்பது கட்டளை. "சாயா என்ன விலை?" என்பது கேள்வி, அதற்கு ஒரு விடை வந்தே ஆக வேண்டும். நிரலில் முதல் வகைக்குக் கூற்று என்றும், மதிப்பு ஒன்றைத் திருப்பித் தரும் இரண்டாம் வகைக்குக் கோவை என்றும் பெயர்.

சியின் சுவிட்ச் கூற்று. விலை என்ற பெட்டியை வெளியே வைத்துவிட்டு, ஒவ்வொரு கேஸிலும் அதை நிரப்ப வேண்டும். என் ரப்பர் கடைப் பிழை இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. ரஸ்ட்டின் மேட்ச், காட்லினின் வென், ஜாவாவில் 2020ஆம் ஆண்டின் 14ஆம் பதிப்பில் நிலைபெற்ற அம்புக்குறிச் சுவிட்ச் ஆகியவற்றைக் கோவையாக எழுதலாம். "விலை என்பது தரம் 4 என்றால் இது, 5 என்றால் அது" என்று முழுவதையும் ஒரே விடையாக எழுதுவீர்கள். ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதும் வாய்ப்பே அங்கே இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு முடிந்தவரை இந்த வடிவத்தையே பழக்குகிறேன்.

மதிப்பிலிருந்து வடிவத்துக்கு

இதுவரை கேட்டதெல்லாம் "இந்த எண் எது?" என்ற கேள்வி. ரப்பர் கடைக்கு வரும் சரக்கு அவ்வளவு எளிதல்ல. ஷீட் என்றால் தரமும் எடையும் வேண்டும். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் என்றால் எடை. ரப்பர் பால் என்றால் எடையோடு, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதும் வேண்டும். மூன்றுக்கும் உள்ளடக்கமே வேறு.

இங்கே நமக்குத் தேவை, பொருள் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதே வேளையில் உள்ளே இருப்பவற்றை வெளியே எடுத்துப் பெயரிடுவது. இதற்கு வடிவப் பொருத்தம் என்று பெயர். "ஷீட்டாக இருந்தால், அதன் தரத்தையும் எடையையும் எடுத்துக்கொள், தரம் 3க்குள் இருந்தால் இப்படிச் செய்" என்று ஒரே வரியில் எழுதலாம். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எடின்பரோவில் உருவான ஹோப், எம்எல் மொழிகளில் இது இருந்தது. பெரும்பாலோர் பயன்படுத்தும் மொழிகளுக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின: பைத்தானுக்கு 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பில், ஜாவாவின் சுவிட்சுக்கு 2023இல் வந்த 21ஆம் பதிப்பில்.

வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியக்கூடும் என்பதால் இங்கே வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதே எடுக்கப்படும். அஞ்சல் பெட்டிப் படத்தை இந்த இடத்தில் மறந்துவிடுவது நல்லது.

பைத்தானைப் பற்றித் தனியாக ஒரு சொல். அங்கே சுவிட்ச் வேண்டும் என்ற கோரிக்கை 2001 முதலே இருந்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமே 2006இல் ஒரு முன்மொழிவு எழுதி, போதிய ஆதரவு இல்லாததால் பிறகு அதைக் கைவிட்டார். 2021இல் வந்தது சுவிட்ச் அல்ல, வடிவப் பொருத்தம். இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மட்டி, செந்துளுவன், ஏத்தன் எல்லாம் நம் ஊர் வாழைப்பழ வகைகள். மட்டி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு மதிப்பை வைத்திருக்கிறீர்கள். கேஸ் மட்டி என்று எழுதினால், "வந்த பழம் மட்டியா?" என்று கேட்கிறோம் என்று நினைப்போம். பைத்தானோ "என்ன வந்தாலும் சரி, அதற்கு மட்டி என்று பெயர் வை" என்று புரிந்துகொள்ளும். செந்துளுவன் வந்தாலும் அது மட்டி. ஏத்தன் வந்தாலும் மட்டி. அந்த வரிக்குக் கீழே வேறு கேஸ்கள் இருந்தால் பைத்தான் ஓட மறுத்து எச்சரித்துவிடும். அதுவே கடைசிக் கேஸாக இருந்தால் சத்தமே இல்லாமல் ஓடும். மேற்கோள் குறிக்குள் "மட்டி" என்று சொல்லாகவே எழுதினாலோ, பழம் புள்ளி மட்டி என்று புள்ளி வைத்த பெயராக எழுதினாலோ மட்டுமே ஒப்பீடு நடக்கும்.

மறுபடி சுருக்கமாக: பழைய சுவிட்ச் மதிப்பைக் கேட்கிறது. மேட்ச் வடிவத்தைக் கேட்கிறது, கேட்டுக்கொண்டே பெயரும் வைக்கிறது.

"மற்றவை" என்ற பெட்டி

எந்தக் கேஸும் பொருந்தாவிட்டால்? சி, கோ, பைத்தான் மூன்றிலும் ஒன்றும் நடக்காமல் ஓட்டம் கடந்துபோகும். பிஎச்பியின் மேட்ச் ஓடும்போது பிழை எழுப்பும். ரஸ்ட்டும் ஸ்விஃப்ட்டும் ஓடவே விடாது. இருக்கக்கூடிய எல்லா வகைகளுக்கும் வழி எழுதியிருக்கிறீர்களா என்று தொகுப்பியே சரிபார்க்கும். ஒன்று விடுபட்டாலும் அதன் பெயரைச் சொல்லி நிறுத்தும். இது முழுமைச் சோதனை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வசதியை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதையே எடுப்பேன்.

மீதி எல்லாவற்றையும் ஏற்கும் வழியைச் சி குடும்பத்தில் டீஃபால்ட் என்றும், ரஸ்ட்டிலும் பைத்தானிலும் ஓர் அடிக்கோடாகவும் எழுதுவார்கள். எங்கும் அதைச் சேர்த்துவிடுங்கள் என்று பாடநூல்கள் சொல்லும். எண்களுக்கும் வெளியிலிருந்து வரும் எழுத்துகளுக்கும் அது சரியே, ஏனென்றால் அவற்றை எண்ணித் தீராது. நாமே வரையறுத்த, எண்ணித் தீரக்கூடிய வகைகளுக்கு அதே அறிவுரை தீங்காக முடியும். எல்லாவற்றையும் ஏற்கும் பெட்டி ஒன்று இருந்தால், விடுபட்டது எது என்று தொகுப்பி எப்படிச் சொல்லும்?

அதே ரப்பர் கடைக் கணக்கை மாணவர்கள் நான்கு பேர் பயிற்சிக்காக ரஸ்ட்டில் புதிதாக எழுதினார்கள். முதலில் இரண்டு வகைகள்தான்: ஷீட், ஒட்டுப்பால். பிறகு, கடை பாலையும் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றாவது வகையைச் சேர்த்துத் தொகுத்தவுடன் விலை, சீட்டு, மாதக் கணக்கு என்று மூன்று இடங்களில் பிழை வந்தது; மூன்றையும் பத்து நிமிடத்தில் திருத்தினார்கள். நிரல் ஓடியது. ஆனால் இருப்புப் பட்டியலில் பால் முழுவதும் ஒட்டுப்பாலின் கணக்கில் ஏறியிருந்தது. அந்தப் பகுதியை எழுதிய மாணவி, ஷீட்டுக்கு ஒரு வழியும் மீதிக்கு ஓர் அடிக்கோடும் வைத்திருந்தார். அடிக்கோட்டை அழித்து ஒட்டுப்பால் என்று பெயரை எழுதியதும், வராமல் இருந்த நான்காவது பிழை திரையில் வந்தது.